420 போச்சு, 318 வந்தாச்சு! சட்ட மாணவர்களுக்கு டபுள் பாடம்

திருப்பூர்:
சரக்கை வாங்கிட்டு கம்பி நீட்டும் ஆசாமியை '420' என்பது பனியன் கம்பெனி வட்டாரப் பேச்சு. ஆனால் 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1-ந்தேதியோடு மாறி, பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடிக்கு இப்போது 318(4). கொலைக்கு 302 அல்ல, 103. மோசடிக்கு தண்டனை மட்டும் அதே 7 ஆண்டு வரைதான்.

கோவை அரசு சட்டக்கல்லூரிக்கு பஸ் ஏறும் திருப்பூர் மாணவர்களுக்கு இதனால் தலைவலி. அந்த தேதிக்கு முன்பு நடந்த குற்றத்துக்கு பழைய சட்டம்தான். எனவே இரண்டையும் படித்தாக வேண்டும்.

தொழிலாளிக்கு முக்கியம் நம்பர் அல்ல. மோசடி போன்ற குற்றங்களுக்கு எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். 'எங்க லிமிட் இல்ல, போ' என்று விரட்ட முடியாது. எப்.ஐ.ஆர். நகல் இலவசம். கேட்டு வாங்காமல் வந்தால் நஷ்டம் புகார் கொடுத்தவருக்குத்தான்.