பரீட்சை மாணவனுக்கு மட்டுந்தானா?

மூச்சு யந்திரத்தைக் கையாளுகிறவருக்குப் பரீட்சை வேண்டுமா? வேண்டும். இதில் நமக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் அந்தப் பரீட்சை யாருக்கு, யார் செலவில், யார் லாபத்துக்கு என்று கேட்காமல் விடமாட்டோம்.

2021 மார்ச்சில் மத்திய சர்க்கார் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு தேசியக் கமிஷன் சட்டத்தை நிறைவேற்றியது. ஆஸ்பத்திரியில் ‘ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்’ எனப்படும் சுவாச சிகிச்சையாளர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். எத்தனை மணி நேரம் படித்தாக வேண்டும் என்பதற்கும் சட்டத்தில் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. உள்ளே நுழைய ஒரு பொதுப் பரீட்சை, வெளியேற ஒரு லைசென்ஸ் பரீட்சை என்று இரண்டுக்கும் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

இது ஆஸ்பத்திரிக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று தோழர்கள் எண்ண வேண்டாம். புளோரூமிலும் கார்டிங்கிலும் வருஷக்கணக்கில் பஞ்சுத் தூசு தின்ற தொழிலாளிக்கு, வார விடுமுறை முடிந்து வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும். இந்த நோய்க்குப் பெயர் பிசினோசிஸ். தொழில் நோய் என்று சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது. நஷ்டஈடு கேட்டுப் போனால் குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளப்பார்கள். மூன்று முறையாவது முழு மூச்சோடு சரியாக ஊத வைக்க வேண்டும். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தால்தான் தூசு செய்த கேடு தெரியும். அளக்கிறவருக்குத் தொழில் தெரியாவிட்டால் கணக்குத் தப்பும். தொழிலாளியின் நஷ்டஈடும் பறிபோகும். தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்து மயங்கி விழும் விவசாயத் தொழிலாளியின் உயிரும் இவர்கள் கையில்தான் வந்து நிற்கிறது. யந்திரத்தில் காற்றின் அளவை நோயாளியின் உயரத்தைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். ஆளின் பருமனைப் பார்த்து வைத்தால் நுரையீரல் சேதமாகும்.

ஆகவே திறமையை யாரும் எதிர்க்கவில்லை. நம் கேள்வி வேறு.

2020-ல் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அடுத்த வருஷம் மே மாதம், நமது கோவையிலே தினசரித் தொற்று சென்னையையே மிஞ்சிய அந்த மாதத்தில், சில மாநிலங்களில் யந்திரங்கள் கிடங்கில் சும்மா கிடக்கின்றன என்ற செய்தி வந்தது. பிரதம மந்திரியே தணிக்கைக்கும், யந்திரம் ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சிக்கும் உத்தரவிட நேர்ந்தது. யந்திரம் வாங்கப் பணம் இருந்தது. அதை ஓட்டும் கைகளை முன்கூட்டியே சேர்த்து வைக்க மனம் இல்லை! அந்தத் தவறுக்கு எந்த மந்திரி பரீட்சை எழுதினார்?

சோமனூர் சைசிங்கிலும் திருப்பூர் சாயப்பட்டறையிலும் உள்ள தோழர்களுக்குப் பாய்லர் சட்டம் தெரியும். பாய்லர்காரர் பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற வேண்டும். ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. சான்றிதழ் உள்ளவர் பொறுப்பில் இல்லாமல் பாய்லரை ஓட்டினால் குற்றவாளி முதலாளி. 1923-ல் வந்த சட்டமும் சரி, 2025-ல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டமும் சரி, முதலாளியையும் சேர்த்தே கட்டுகின்றன. இந்த 2021 சட்டமோ பதிவு, படிப்பு, பரீட்சை என்று தொழிலாளியை விவரமாகக் கட்டுகிறது. ஒரு ஷிப்டில் எத்தனை வென்டிலேட்டருக்கு ஒரு தெரபிஸ்ட்? அவருக்குச் சம்பளம் எவ்வளவு? அதற்கு ஒரு வரி உண்டா? இல்லை.

கல்லூரி முதலாளியின் கதை என்ன? காடு கரையை அடகு வைத்து மகளைப் படிக்க வைக்கிறார் ஒரு விவசாயத் தொழிலாளி. பயிற்சி என்ற பெயரில் அவளிடம் சம்பளமில்லாத இரவு ஷிப்டு வாங்கப்படுகிறது. மில்லில் ‘பயிற்சித் தொழிலாளி’ என்ற பெயரில் நடக்கும் அதே சுரண்டல்தான் இது. படிப்பு முடிந்து அவள் லைசென்ஸ் பரீட்சையில் தோற்றால் பழி அவள் தலையில். கட்டணம் கல்லூரியின் பெட்டியில். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை மட்டும் வந்தால் ‘கோச்சிங்’ கடைக்காரனுக்கு யோகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மூச்சுத் திணறுகிறவனுக்கும் உதவாது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கான தேர்வு அமைப்பு 1960-லேயே ஏற்பட்டது. அது ஒன்றும் தொழிலாளியின் சொர்க்கமல்ல. பரீட்சைக் கட்டணத்தை அங்கும் எழுதுகிறவர்தான் கட்டுகிறார். ஆயினும் அங்கீகாரம் பெற்ற பயிற்சியில் தேறியவரே அங்கே பரீட்சை எழுதலாம். எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதும் பகிரங்கமாக வெளிவருகிறது. முதலாளித்துவ நாட்டிலேயே கல்லூரியைக் கணக்குக் கேட்க முடியுமானால் இங்கே ஏன் முடியாது?

நாம் கோருவது இதுதான்:

1. முதலில் கல்லூரிக்குப் பரீட்சை. ஐ.சி.யூ. பயிற்சி தராத கல்லூரியின் அங்கீகாரத்தை ரத்து செய்! தேர்ச்சிக் கணக்கைக் கல்லூரிவாரியாக வெளியிடு!

2. லைசென்ஸ் பரீட்சை யந்திரத்தருகே செய்முறையாக நடக்கட்டும். தமிழிலும் எழுத உரிமை வேண்டும், கட்டணம் கூடாது.

3. தகுதி பெற்றவர் இல்லாமல் வென்டிலேட்டர் ஓட்டினால் தண்டனை ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு.

4. இ.எஸ்.ஐ., ஜில்லா, தாலூகா ஆஸ்பத்திரிகளில் நிரந்தர உத்தியோகங்கள் வேண்டும். பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் வேண்டும்.

5. பல வருஷம் வேலை செய்தே தொழில் கற்றவர்களை வெளியே தள்ளாதே! பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் கொடு!

தோழர்களே! சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேளுங்கள்: நம் நுரையீரலை அளப்பவர் யார், அவர் என்ன படித்தவர், நிரந்தரமா காண்ட்ராக்டா? மாதாமாதம் சந்தா கட்டுகிற நமக்குக் கேட்க உரிமை உண்டு. பரீட்சை நடக்கட்டும். ஆனால் அதில் முதல் ஆளாக உட்கார வேண்டியவர்கள் கல்லூரி முதலாளியும் சர்க்காரும்தான்!