விட்டுக்கொடுத்த வருவாயில் நமது பங்கு என்ன?

தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்திற்கான சட்டம் 2024இல் நிறைவேறியது. மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்ற நமது நெடுநாள் கோரிக்கை அதன் வழியே சட்ட வடிவம் பெற்றது. ஆனால் அந்த விகிதம், அரசு செலவிடும் பணத்திற்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது. அரசு வசூலிக்காமல் விட்டுக்கொடுக்கும் பணம் அதில் சேர்வதில்லை.

பெருந்தொழில் நிறுவனங்களுக்கு மின்சார வரி விலக்கு, முத்திரைத்தாள் கட்டணச் சலுகை, குறைந்த விலையில் நிலம் எனப் பலவற்றை மாநில அரசு வழங்குகிறது. வேலைவாய்ப்பு பெருகும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று குறித்த காலத்தில் ஆராய்ந்து சட்டமன்றத்தில் வைக்குமாறு எந்தச் சட்டமும் இங்கு அரசைக் கட்டாயப்படுத்தவில்லை. வரித் திரும்பளிப்பு உள்ளிட்ட சலுகைகளுடன் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. வரி வழக்கு உட்பட அதற்குக் காரணங்கள் பல. ஆயினும் கொடுத்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்ற கேள்விக்கு விடை சொல்லும் கடமை எவருக்கும் இல்லை.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம், 2010இல் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தின் 7.5 கோடி டாலர் கடனுக்குப் பொறுப்பேற்றது. 2012இல் அந்நிறுவனம் திவாலானது. அடுத்த ஆண்டே அம்மாநிலம் வரிச்சலுகை மதிப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. அதன்படி, ஆய்வுக்குள்ளான ஒவ்வொரு சலுகையையும் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று ஆளுநர் தம் நிதிநிலை அறிக்கையில் பரிந்துரைக்க வேண்டும். ஒக்லஹோமா 2015இல் இதற்கெனத் தனி ஆணையம் அமைத்து, நான்காண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

இத்தகைய சட்டம் இங்கும் தேவை. ஆனால் 'எத்தனை வேலை' என்ற கேள்வியோடு அது நின்றுவிடக் கூடாது. 'யாருக்கு வேலை' என்றும் கேட்க வேண்டும். அரசியலமைப்பின் 16(4) பிரிவு தரும் இடஒதுக்கீடு தனியார் ஆலை வாயிலில் நின்றுவிடுகிறது. பொதுப்பணமோ வாயிலைத் தாண்டி உள்ளே செல்கிறது. ஆகவே நிரந்தரப் பணியில் தலித்துகள் எத்தனை பேர், ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் எத்தனை பேர், கையகப்படுத்திய நிலத்தில் பஞ்சமி நிலம் எவ்வளவு என்ற விவரங்கள் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

வணிக இரகசியம் என்று அரசு மறுக்கக்கூடும். அதற்கு இடமளிக்கும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஈ) பிரிவே, பரந்த பொதுநலன் இருப்பின் தகவலைத் தரலாம் என்றும் கூறுகிறது. விட்டுக்கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும், நமது பங்கு கணக்கிடப்படும் கருவூலத்தைச் சுருக்குகிறது. இதைவிடப் பெரிய பொதுநலன் வேறென்ன? அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முன் இக்கோரிக்கையை ஒவ்வொரு தொகுதி உறுப்பினரிடமும் எழுத்து வடிவில் கொண்டுசேர்ப்போம்.