தாலிக்கு விலை 29,000 பவுணா?

கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கு எவருடைய அனுமதி வேண்டும்? பெற்றோர் இசைந்தனர், பெரியோர் வாழ்த்தினர், பதிவாளர் முன்னிலையில் கையொப்பமும் இட்டாயிற்று. இவ்வளவும் போதாது, சம்பளச் சீட்டையும் காட்டுக என்கிறது பிரித்தானிய அரசு. பிரித்தானியப் பிரசையோ, அங்கு நிரந்தர வதிவுரிமை பெற்றவரோ, பிற நாட்டிலுள்ள தம் வாழ்க்கைத் துணையை அழைப்பதாயின் ஆண்டொன்றுக்கு 29,000 பவுண் வருமானம் உண்டென நிரூபித்தல் வேண்டும். 2024 ஏப்ரல் 11ஆந் திகதி நடைமுறைக்கு வந்த விதி இது. இலண்டனில் உழைக்கும் மகனுக்கு யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பெண் பார்க்கும் குடும்பங்கள் எம்மிடையே நிறைய உண்டு. ஆகவே இது அந்நியர் வீட்டு விவகாரமன்று. எமது முற்றத்துக்கே வந்துவிட்ட விவகாரம்.

இவ்விதி பிறந்த கதையை முதலில் நோக்குவோம். 2012க்கு முன்னர், பொது நிதியில் தங்கியிராது துணைவரைப் பராமரிக்கவும் வீடு கொடுக்கவும் முடியும் என்று காட்டினாற் போதுமாயிருந்தது. அவ்வாண்டு ஜூலை 9ஆந் திகதி, திரேசா மே அம்மையார் உள்நாட்டு மந்திரியாயிருந்த காலத்தில், 18,600 பவுண் என்று தொகை குறிக்கப்பட்டது. பிள்ளை ஒன்றும் உடன் வருவதாயின் 22,400. அதன்மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலும் 2,400. 2023 டிசெம்பரில் உள்நாட்டு மந்திரி ஜேம்ஸ் கிளெவர்லி இத்தொகையை 38,700 ஆக உயர்த்தப் போவதாக அறிவித்தார். கூக்குரல் எழுந்தது. படிப்படியாக உயர்த்துவோம் என்று அரசு பின்வாங்கி, முதற்படியாக 29,000இல் நிறுத்தியது. பிள்ளைகளுக்கான மேலதிகத் தொகையும் அப்போது நீக்கப்பட்டது. அதன்பின் வந்த தொழிற் கட்சி அரசு மேற்கொண்டு உயர்த்துவதை நிறுத்திவைத்து, குடிவரவு ஆலோசனைக் குழுவிடம் ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது.

18,600க்காவது ஒரு நியாயம் கூறப்பட்டது. அவ்வளவு சம்பாதிக்கும் குடும்பம் வருமானங் குறைந்தோருக்கான அரச உதவியை நாடாது என்பதே அது. 29,000க்குக் கூறப்பட்ட நியாயம் யாது? திறமைத் தொழிலாளர் விசாவுக்குத் தகுதியான தொழில்களின் சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கி, காற்பங்கு வரும் இடத்தில் கோடு கிழித்தனர். அதுவே 29,000. நடுவிற் கிழித்த கோடு 38,700. வேலைக்கு ஆள் பிடிக்க ஏற்பட்ட அளவுகோலைக் கொண்டு மனைவியை அளக்கலாமா? தொழிலாளி ஒருவன் முதலாளிக்காக வருகிறான். மனைவி தன் கணவனுக்காக வருகிறாள். இரண்டும் ஒன்றென்று எந்த அறநூல் கூறும்?

எண்கள் பேசுகின்றன

கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் பிரித்தானியாவின் குறைந்தபட்ச வேதனம் மணிக்கு 12.21 பவுணாக்கப்பட்டது. வாரம் 40 மணிநேரம், ஆண்டு முழுவதும் ஒரு வாரமேனும் விடாது உழைத்தாற் கிடைப்பது 25,397 பவுண். அரசே நிர்ணயித்த வேதனத்தில், அரசே முழுநேரம் என்று கொள்ளும் அளவுக்கு உழைப்பவன், அரசே கிழித்த கோட்டை எட்ட முடியாது! எரிபொருள் நிலையத்தில் இரவுக் காவலிருப்பவன், முதியோர் இல்லத்தில் நோயாளரைத் தூக்கிக் கிடத்துபவள், கடையிற் பெட்டி இறக்குபவன் ஆகியோரின் உழைப்பு அந்நாட்டுக்கு வேண்டும். அவர்தம் இல்லறம் மட்டும் வேண்டாம் போலும்.

குறையைச் சேமிப்பினால் நிரப்பலாமே என்பர். நிரப்பலாம்; ஆனால் எப்படி? சேமிப்பின் முதல் 16,000 பவுண் கணக்கிலேயே வராது. எஞ்சியதை இரண்டரையால் வகுத்து வருவதே வருமானத்தோடு சேர்க்கப்படும். மேற்கூறிய தொழிலாளிக்குக் குறைவது 3,603 பவுண்தான். அதை நிரப்ப அவன் 25,008 பவுண் வைத்திருத்தல் வேண்டும். அதுவும் ஆறு மாதங்கள் தொடர்ந்து. சம்பளமே இல்லாது சேமிப்பை மட்டும் காட்டுவதாயின் 88,500 பவுண் வேண்டும். குறைந்த வேதனம் பெறுபவன் எங்கிருந்து கொணர்வான்?

சான்றுகளின் கண்டிப்போ அதனினும் பெரிது. ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அச்சம்பளம் வந்து சேர்ந்ததைக் காட்டும் வங்கிக் கூற்றுகள், வேலை கொடுப்போரின் கடிதம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தல் வேண்டும். இடையில் வேலை மாறியவர் கடந்த பன்னிரண்டு மாத வருமானத்தையும் காட்ட வேண்டியவராவர். சொந்தத் தொழில் செய்வோருக்கு முழு நிதியாண்டுக் கணக்கும் வரிப் பத்திரமும் வேண்டும். இங்குள்ள மணமகள் வைத்தியராயிருப்பினும் ஆசிரியையாயிருப்பினும், அவள் இங்கு பெறும் சம்பளத்தில் ஒரு சதமும் கணக்கில் வராது. அங்கு சென்றபின் அவள் உழைக்கக்கூடியதும் வராது. இவற்றோடு கட்டணமும் உண்டு. 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுணாயிற்று; சுகாதார மேல்வரி 3,105 பவுண். இரண்டரை ஆண்டுகளின் பின் நீடிப்புக்கு மீண்டும் விண்ணப்பிக்கும்போது இவ்வாறே வருமானத்தையும் காட்டிப் பணமுங் கட்டல் வேண்டும்.

மறுதரப்பின் வாதம்

ஒரு நாடு தன் எல்லையைக் காக்க உரிமையுடையது என்பதை நாம் மறுக்கவில்லை. வருபவர் பொதுமக்களின் வரிப்பணத்துக்குச் சுமையாகலாகாது என்பதும் நியாயமே. ஆயினும் துணைவர் விசாவிலேயே பொது நிதியை நாடலாகாது என்ற நிபந்தனை இருக்கிறதே! வாயிலில் ஒரு பூட்டு இட்டபின் படலையில் இன்னொரு பூட்டு எதற்கு? ஊனமுற்றோர்க்கும் அவர்களைப் பராமரிப்போர்க்குமுரிய சில உதவிப்பணங்களைப் பெறுவோர்க்கு இத்தொகை விலக்கப்பட்டு, போதிய பராமரிப்புக்கு வழியுண்டா என்பதே பார்க்கப்படுகிறது. அவர்களுக்குப் பொருந்தும் நியாயம் ஏனையோர்க்குப் பொருந்தாமற் போவதேன்?

நீதிமன்றமும் இதனை ஆராய்ந்தது. 2017 பெப்ரவரி 22இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச வருமானம் கோருவது கொள்கையளவிற் சட்ட விரோதமன்று என்று தீர்த்தது. பல்லாயிரந் தம்பதிகள் பெருந் துன்பமடைவதையும் ஒப்புக்கொண்டது. பிள்ளைகளின் நலனை விதிகள் உரியவாறு கவனிக்கவில்லை என்றும், வேறு வருமான வழிகளை நோக்காதிருத்தல் தகாது என்றும் கண்டித்தது. அதன் பின்னரே, மிகக் கடுமையான விளைவு நேரக்கூடிய சந்தர்ப்பங்களில் உறவினர் உதவி போன்றவற்றையும் கவனிக்கலாம் என விதி திருத்தப்பட்டது. 2025 ஜூனில் அறிக்கை சமர்ப்பித்த குடிவரவு ஆலோசனைக் குழுவும், 38,700 என்ற அளவு குடும்ப வாழ்வுரிமைக்கு முரணாகலாம் என எச்சரித்தது. குடும்பம் தன்னைத் தானே தாங்குவதே நோக்கமாயின் 23,000க்கும் 25,000க்கும் இடைப்பட்ட தொகை போதும் என்றும் காட்டியது. அரசே நியமித்த குழுவின் கூற்றிது!

இத்தகைய சோதனை எமக்குப் புதிதன்று. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், மலையகத் தொழிலாளியிடம் நியாயமான நிச்சய வருமானத்தைக் காட்டு என்றது. தேயிலையை வளர்த்து இந்நாட்டுக்குச் செல்வம் சேர்த்தவனிடம் உன் செல்வம் எங்கே என்று கேட்ட சட்டம் அது. அச்சட்டங்கூட, வருமானம் இல்லையேல் தகுந்த தொழிலோ சட்டபூர்வமான வேறு சீவனோபாயமோ போதும் என்று ஒரு வழியை எழுத்திலேனும் வைத்தது. பிரித்தானிய விதியோ எண்ணைக் காட்டுகிறது. எண் குறைந்தாற் கதவைச் சாத்துகிறது. வறியவனின் உரிமையை அவன் வருமானத்தால் அளப்பது அன்றும் தவறு; இன்றும் தவறு.

எம்மவர் செய்ய வேண்டியது

பிறரைக் குறை கூறுவதோடு எமது கடமை முடிந்துவிடாது. சேமிப்பு, கடனாயிருத்தலாகாது, கொடையாயிருக்கலாம் என்கிறது விதி. இதிலுள்ள ஆபத்தை எம்மவர் உணர்தல் வேண்டும். மாப்பிள்ளையின் வங்கிக் கணக்கிலுள்ள பள்ளத்தை நிரப்பப் பெண் வீட்டாரின் காணியும் நகையும் விலைப்படுமாயின், சீதனம் என்னும் பழைய நோய்க்குப் பிரித்தானியச் சட்டமே புதிய பெயர் சூட்டியதாகும். அதற்கு இடங்கொடுக்கலாகாது. அங்கு உழைப்பவன் தன் உழைப்பாலும் தன் சேமிப்பாலும் இக்கோட்டைக் கடக்கட்டும். கடக்கச் சில காலம் வேண்டுமாயின், மணநாளைத் தள்ளிவைப்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

சாதகப் பொருத்தம் பார்க்கும்போதே சம்பளச் சீட்டையும் கேட்டறிவது பெற்றோரின் உரிமை. கையிற் காசாக வாங்கி வங்கியைக் காணாத சம்பளம், எவ்வளவு பெரிதாயினும், இவ்விடயத்திற் பயன்படாது. இதனைத் திருமணத்துக்கு முன் அறிந்தால் ஒரு கேள்வியோடு போகும். பின் அறிந்தால் ஒரு பெண்ணின் இளமை போகும். பொய்ப் பத்திரம் செய்து தருவோம் என்று வரும் தரகரை வாயிலிலேயே திருப்பி அனுப்புங்கள். அகப்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அக்கறை அடுத்த விண்ணப்பத்தையும் தொடரும்.

பிரித்தானியாவில் வாக்குரிமையோடு வாழும் எம்மவருக்கும் ஒரு வார்த்தை. கணவரின் முதல் நோக்கம் திருமணமா, குடியேற்றமா என்று துருவிய விதியொன்று 1980 முதல் பல குடும்பங்களை வாட்டியது. 1997இல் அது நீக்கப்பட்டது. பிரிந்திருந்தோரும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தோரும் ஓயாது போராடியதன் பயனாகவே அரசு அசைந்தது. இன்று ஆலோசனைக் குழுவின் அறிக்கை அரசின் மேசைமேல் இருக்கிறது. உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் செல்லுங்கள். முழுநேரம் உழைக்கும் எவரும் தம் துணையுடன் வாழத்தக்க அளவுக்கு இத்தொகையைக் குறைக்கும்படி கேளுங்கள். சலுகையாக அன்று, உரிமையாகக் கேளுங்கள்.