வாஞ்சூர் என்றால் சாராயம் மட்டும்தானா?

நாகூர் தாண்டி வாஞ்சூர் என்று சொன்னாலே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தமிழ்நாடு முடிந்து காரைக்கால் தொடங்கும் இடம். சாராயக்கடைக்குப் பெயர் போன இடம். அந்த எல்லை அங்கே எப்படி வந்தது என்று கேட்டால், பட்டம் வாங்கிய பிள்ளைக்கும் தெரியவில்லை.

தஞ்சை மராத்திய அரசுக்கு உட்பட்டிருந்த காரைக்கால், 1739இல் சந்தா சாகிபின் துணையோடு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடியும் பிடித்தார்கள். கடைசியாகத் திருப்பிக் கொடுத்தது 1817இல். காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, பழைய கிரேக்கத்தில் ஏதென்சுக்கும் தீப்சுக்கும் நடுவே கைமாறிக்கொண்டே இருந்த ஓரோப்போஸ் என்ற சின்ன ஊரைப் பற்றி ஆசிரியர் சொன்னார். நம் ஊர்க் கதையும் அதுதான் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சித்தப்பா எழுதிக் கொடுத்தார்; அப்பா கொடுக்கவில்லை. ஒரே பானைச் சோறு தின்ற அண்ணனும் தம்பியும் இரண்டு தேசத்தார் ஆனார்கள். சித்தப்பா பிள்ளைகள் இன்று பாரிசில், நான் நாகப்பட்டினத்தில். யார் செய்தது சரி என்ற பேச்சு வந்தால் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

பழங்கதை எதற்கு என்பீர்கள். குமாஸ்தாவாக இருந்த காலத்தில், அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்கள் ஒரு சான்றிதழுக்காக இரண்டு பக்கமும் அலைந்ததைப் பார்த்தவன் நான். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "பக்கத்து ஊர்தானே சார்?" ஆமாம், பக்கத்து ஊர்தான். நாகையிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. நானும் விதியைத்தான் காட்டினேன், காரணத்தைச் சொல்லவில்லை.

எல்லையை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாகையிலும் காரைக்காலிலும் உள்ள பள்ளிகளில் இதை ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுங்கள் என்கிறேன். அதுவரை, ஆறு மாதக் கெடுவை நேரில் கண்ட நாமாவது பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லுவோம். நமக்குப் பிறகு சொல்ல ஆளில்லை.