பழநி, பழநி... ஸீட் இருக்கு!

இமயமலை ஏறுவது சுலபம். நடுவழியில் பஸ் வந்து நிற்காது. பழநிக்குப் பாதயாத்திரை போய்ப் பாருங்கள், அப்போது தெரியும் கஷ்டம். திண்டுக்கல் தாண்டிவிட்டால் சும்மா சும்மா ஒரு பஸ் நம் பக்கத்தில் வந்து ஸ்லோ பண்ணும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "பழநி, பழநி... ஸீட் இருக்கு!" என்பார். மேனகைகூட விசுவாமித்திரரிடம் இவ்வளவு நேரடியாகப் பேசியிருக்க மாட்டாள்.

தைப்பூசத்துக்கு நாங்கள் எட்டுப் பேர் காரைக்குடியிலிருந்து நடை. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர். அடிக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் 2 லட்சத்து 28 ஆயிரம் அடி. இந்தக் கணக்கைப் போட்டவர் எங்கள் செட்டில் இருந்த ஆடிட்காரர். அவரை யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் ஜாலி. பச்சை வேட்டி, அரோகரா கோஷம், வழியெல்லாம் நீர்மோர், சுக்குக் காபி. மேனேஜரோ பியூனோ, எல்லோருக்கும் ஒரே டெஸிக்னேஷன், 'சாமி'. "சாமி, குறட்டை ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று மேனேஜரிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆபீசில் முடியுமா?

உடம்பு தன் பில்லை இரண்டாம் நாள் காலையில்தான் நீட்டும். பழக்கமில்லாத தசைக்கு வலி உடனே தெரியாது. மறுநாள், அதற்கு மறுநாள்தான் முழு விஸ்வரூபம். வயக்காட்டுப் பக்கம் ஒதுங்குகிறவர் உட்காருவது முருகன் செயல். எழுந்திருக்க அறுபடை வீட்டு முருகன்களும் சேர்ந்து வந்து கை கொடுக்க வேண்டும்.

வெறுங்காலோடு மத்தியானத் தார் ரோட்டில் நடந்தால் கால் அப்பளமாகிவிடும். அதனால் விடியற்காலை 3 மணிக்கே கிளம்பி, 10 மணிக்குள் மரத்தடி. மறுபடி 4 மணிக்கு மேல்தான் நடை. பூசத்துக்குச் சில நாள் முன்னால் என்பதால், வளர்பிறை நிலா விடியுமுன்பே டாட்டா காட்டிவிடும். பின்னாலிருந்து லாரி வரும் இருட்டில், பையில் ஒட்டிய ஒளிரும் ஸ்டிக்கர்தான் வேலாயுதம். மறக்காமல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கொப்புளம். ஈரமும் உரசலும் சேர்ந்தால் மேல்தோல் பிரிந்து நடுவில் நீர் கட்டும். அதை ஊசியால் குத்த ஆளாளுக்கு வைத்தியர் ஆவார்கள். கிட்டே விடாதீர்கள். அந்த மேல்தோல்தான் ஆண்டவன் போட்ட பேண்டேஜ்.

இதில் தமாஷ் இல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நாலாம் நாள், ஒட்டன்சத்திரம் பக்கம். ஆடிட்காரர் எங்களுக்கு முன்னால் ஜோராக நடந்துகொண்டிருந்தார். வலிக்கவேயில்லை என்று பெருமை வேறு. பின்னால் வந்த ஓர் ஆச்சிதான் பார்த்தார். ரோட்டில் ஒன்றுவிட்டு ஓர் அடியில் ரத்தம்!

பத்து வருஷச் சர்க்கரை. அது நீடித்தால் கால் நரம்பு மரத்துப்போகும். கொப்புளம் வந்ததும் தெரியாது, உடைந்ததும் தெரியாது. முதலுதவி முகாமில் கட்டுப் போட்ட டாக்டர், "இனி ஓர் அடிகூட நடக்கக் கூடாது. புண் புரையோடினால் விரலே போய்விடும்" என்றார்.

"மக கல்யாணத்துக்கு வேண்டிக்கிட்டது டாக்டர். பாதியில விட்டா எப்படி?" என்று ஆடிட்காரர் அழுதே விட்டார். நாங்கள் என்ன சொல்லியும் எழுந்திருக்கவில்லை. ஆச்சிதான் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாமி, அடிவாரத்துல கூட்டம் நெரியும். இவுகளுக்குப் படுக்க எடம் கிடைக்காது. நீங்க முன்னாடி போயி எடம் புடிச்சு வைங்க. அதுவும் முருகன் வேலைதான்."

அவர் பேசாமல் எழுந்து பஸ் ஏறினார்.

மறுநாள் ராத்திரி நாங்கள் நொண்டி நொண்டி அடிவாரம் சேர்ந்தபோது, ஒரு மண்டப ஓரத்தில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஏழு பேருக்கும் ஏழு துண்டு விரித்து இடம் பிடித்திருந்தார். எட்டாவதாக ஒரு துண்டு, ஆச்சிக்கு.

கால் வலித்தால் நடங்கள் சார். வலிக்கவே இல்லையென்றால், குனிந்து ஒரு தடவை பாதத்தைப் பார்த்துவிட்டு நடங்கள்.