கடலுக்குப் போகாதவருக்குக் கடல் கடிகாரம்

இந்த வாரம் ஒரு பெரிய செலவைப் பற்றிப் பேசுவோம். நகையல்ல, நிலமல்ல, கைக்கடிகாரம்!

உங்கள் வீட்டுக்காரருக்கு ஐம்பது நிறைகிறது. "ஆயுசுக்கும் ஒரு நல்ல வாட்ச் வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று மெதுவாகக் கேட்கிறார். விலையைச் சொல்லும்போது குரல் இன்னும் இறங்குகிறது. பல லட்சம்! அதுவும் கடலில் மூழ்குகிறவர்கள் கட்டும் வாட்ச். இவரோ மெரீனாவில் அலையைக் கண்டாலே நாலடி பின்வாங்குகிறவர்.

சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். 1953-ல் ஸ்விட்சர்லாந்தின் பிளாங்பான் கம்பெனி, பிரெஞ்சு ராணுவ முக்குளிப்பு வீரர்களுக்காக 'பிஃப்டி பாதம்ஸ்' என்ற கடிகாரத்தைச் செய்தது. ஐம்பது பாகம், அதாவது முந்நூறு அடி ஆழம். ரோலெக்ஸின் 'சப்மரைனர்' கடிகாரமும் அந்தக் காலத்ததுதான். முகப்பைச் சுற்றியுள்ள வளையந்தான் இதில் விசேஷம். தண்ணீருக்குள் இறங்கி எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று அது காட்டும். இன்றைய கடிகாரங்களில் அது ஒரே பக்கந்தான் திரும்பும். தப்பித் தவறி இடித்து நகர்ந்தாலும், ஆன நேரத்தை அதிகமாகக் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாது. ஆள் முன்னதாகவே மேலே வந்துவிடுவான். என்ன யோசனை பாருங்கள்! (இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றும்போது நமக்கும் உதவும்.)

இதற்கெல்லாம் முன்பே ஒரு பெண்மணியின் கதை உண்டு. லண்டனில் டைப் அடித்துப் பிழைத்த மெர்ஸிடிஸ் கிளைட்ஸ், 1927 அக்டோபர் 7-ல் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். வேறொருத்தியின் புளுகினால் இவர் மேலும் சந்தேகம் கிளம்பவே, இரண்டே வாரத்தில் மறுபடி குதித்தார், கழுத்தில் ரோலெக்ஸ் கடிகாரத்துடன். குளிர் தாங்காமல் பத்து மணி நேரத்துக்குப் பிறகு அவரைப் படகில் ஏற்றிவிட்டார்கள். கடிகாரம் நிற்கவில்லை! மறு மாதமே 'டெய்லி மெயில்' முதல் பக்கத்தில் கம்பெனியின் விளம்பரம். உடம்பு விறைத்தது அவருக்கு, புகழ் கடிகாரத்துக்கு!

அதிருக்கட்டும், வாங்கலாமா? நேரம் பார்க்க மட்டுமென்றால் வேண்டாம். பாட்டரியில் ஓடும் சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடத் துல்லியமானது. முக்குளிப்பவர்களே இன்று பெரும்பாலும் கையில் சிறு கம்ப்யூட்டரைக் கட்டுகிறார்கள். "பின்னால் நல்ல விலைக்குப் போகும்" என்பாரானால், அந்தப் பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். 2022-ன் தொடக்கத்தில் உச்சிக்கு ஏறிய பழைய ரோலெக்ஸ்களின் சந்தை விலை அதே வருஷத்திலேயே இறங்கிவிட்டது.

ஆசைக்காகத்தான் என்று வெளிப்படையாகச் சொன்னால், அது வேறு விஷயம். அந்த ஆசைக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். போன மாதம் பிறந்ததானால் ஒரு வருஷம் ஆறப் போடலாம். பத்து வருஷத்து ஆசை, பணமும் கையில் இருக்கிறது, பெண்ணின் படிப்புப் பணத்தில் கை வைக்கவில்லை என்றால், என் வோட்டு அவருக்கே. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஜப்பானின் ஸெய்கோ இருக்கவே இருக்கிறது. 1965 முதல் முக்குளிப்புக் கடிகாரம் செய்கிறவர்கள். விலையும் சிறு பங்குதான்.

எதை வாங்கினாலும், சில வருஷங்களுக்கு ஒருமுறை பிரித்து எண்ணெயிட்டு, நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்களை மாற்ற என்ன ஆகும் என்று கடையிலேயே கேட்டு விடுங்கள். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பக்கத்துச் சாவிக் குமிழைத் திருகி இறுக்கவும் அவரைப் பழக்குங்கள். அதைத் திறந்து விட்டால், முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரத்துக்குள் குளியலறை வாளித் தண்ணீரும் புகுந்துவிடும்.