மானிட்டர் வாங்கப் போறீங்களா? இன்ச்சை மட்டும் பார்க்காதீங்க!

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களில் பலர் நாள் முழுக்க லேப்டாப்பைக் குனிந்தே பார்க்கிறார்கள். சாயங்காலம் ஆனால் கழுத்து வலி. சரி, தனி மானிட்டர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், முதலில் கண்ணில் படுவது இன்ச் கணக்குதான்.

ஆனால், பெரிய திரை எல்லாம் தெளிவான திரை இல்லை. ஃபுல் ஹெச்டி என்பது 1920-க்கு 1080 பிக்சல். 24 இன்ச் திரையில் அது ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 பிக்சல். 27 இன்ச்சில் 82தான். எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். 27 இன்ச்தான் வேணும் என்றால் 2560-க்கு 1440 பிக்சல் உள்ளதைப் பாருங்க.

ஆபீஸ் வேலைக்கு 24 இன்ச் ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ் பேனல் தாராளமாகப் போதும். 144 ஹெர்ட்ஸ் எல்லாம் முக்கியமாக கேம் ஆடுபவர்களுக்கு. அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்டுக்குக் கொடுங்க.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. ஸ்டாண்ட் உயரம் போதலையா? அடியில் நாலு தடிமனான புத்தகம் வைத்தாலே போதும். மானிட்டரை மாற்றியும் குனிந்தே உட்கார்ந்தால், கழுத்து வலி எங்கேயும் போகாது.